மாசாணம், ஆண், வயது ஐம்பத்தேழு

இருபத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என் பேருந்து தானாக நின்றது. நான் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. ஸ்டியரிங் இறுகிக்கொண்டது, என்ஜின் அடங்கியது, தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு ஒரு பெண் குரல், எழவு வீட்டில் பேசுகிற பதவிசோடு, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"ஓட்டுநர் மாசாணம் அவர்களுக்கு மாரடைப்பு ஏற்பட்டுள்ளது. பயணிகள் பதற்றமடைய வேண்டாம். மீட்பு ஊர்தி புறப்பட்டுவிட்டது."

அந்த மாசாணம் நான்தான். எனக்கு ஒன்றுமே இல்லை. காலையில் தின்ற நாலு இட்லி செரித்து, அடுத்து எங்கே டீ குடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தவன் நான்.

மாரடைப்பு யாருக்கு என்று புரிய எனக்கு ஐந்து நொடி ஆனது. புரிந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் என் பொட்டு என் நெஞ்சில் இல்லை, கண்டக்டர் செல்லக்கிளியின் நெஞ்சில் இருந்தது.

இந்தப் பொட்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநருக்கு நெஞ்சு வலி வந்து ஒரு பேருந்து பள்ளத்தில் இறங்கிய பிறகு வந்த சட்டம் அது. மலைப்பாதையில் ஓட்டுகிற எல்லாரும் இடது நெஞ்சில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அரசாங்கத்தில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் பொட்டு என்போம். அது இதயத்தைக் கவனித்துக் கோயம்புத்தூரில் இருக்கிற மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மையத்தில் உள்ள கணினி ஆபத்து எவ்வளவு என்று நூற்றுக்கு இத்தனை மார்க் போடும். எழுபதைத் தாண்டினால் வண்டி பூட்டிக்கொள்ளும், பறக்கும் ஆம்புலன்ஸ் கிளம்பும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொட்டு யாரையாவது சந்தேகப்பட்டால் மறுநாளே லைசென்ஸ் போய்விடும். நான் நாலு வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டில் ரகசியமாக இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிவலை வைத்துக்கொண்டவன். டெப்போவில் ஒருத்தருக்கும் தெரியாது. பொட்டு வந்தபோது ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி, இப்போது பதினாலு மாதம். அதனால் மற்றவர்கள் செய்ததை நானும் செய்தேன். எங்கள் டெப்போவில் பதினொரு ஓட்டுநர்களின் பொட்டு கண்டக்டர்கள் நெஞ்சில்தான் இருந்தது. முதல் வாரம் யார் மேல் ஒட்டுகிறோமோ அந்த நெஞ்சைத்தான் பொட்டு உரிமையாளர் நெஞ்சென்று பழகிக்கொள்ளும். அப்புறம் அது கேள்வி கேட்காது.

செல்லக்கிளி யோசிக்காமல் ஒத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயது. புருஷன் விட்டுப் போய் ஒன்பது வருஷம். மூட்டை தூக்கி மேலே போடுகிற தெம்பு. "உங்க நெஞ்சு எங்கிட்டத்தான் இருக்குதுன்னு அண்ணிகிட்டச் சொல்லிப்போடாதீங்கண்ணா, வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி நானும் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் எழுந்து பின்னால் ஓடப் பார்த்தேன். விடவில்லை. முன் சீட்டில் இருந்த சிங்காரவேலு வாத்தியார் என் மேல் பாய்ந்தார். வால்பாறைப் பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆனவர், என் வண்டியில் வாராவாரம் வருகிறவர்.

"அசையாதீங்க மாசாணம்! ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது!"

"எனக்கு ஒண்ணுமில்லீங் சார், விடுங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. படுங்க!"

இரண்டு பேர் என் கைகளைப் பிடித்தார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். வாத்தியார் என் காக்கிச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்தார். அவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது? இங்க பொட்டே இல்லையே!"

நாற்பது ஜோடிக் கண்கள் என் நரைத்த நெஞ்சு முடியைப் பார்த்தன. நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

செல்லக்கிளி கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பனிக்காற்று அடிக்கிறது, அவள் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கிறது. இடது கையால் தாடையைப் பிடித்திருந்தாள். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. டிக்கெட் மெஷின் காலடியில் கிடந்தது. அவள் அதை ஒருநாளும் கீழே வைத்ததில்லை.

"அம்மிணி, நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்செல்லாம் வலிக்கலீங்கண்ணா. பல்லு வலிதான், தாடையெல்லாம் இழுக்குது. முதுகுல ரெண்டு தோள்சப்பைக்கும் நடுவால ஒரு பிடிப்பு. நேத்துப் பலாப்பழம் தின்னேன், கேஸு. ஓமத்தண்ணி குடிச்சா செரியாப் போயிரும்."

"எப்ப இருந்து?"

"வெடியக்காலத்துல இருந்து. வாந்தி வர்றாப்புல இருக்குது. சித்த நேரம் உக்காந்தாப் போதும். நீங்க வண்டிய எடுங்க."

எனக்கு வந்தது இப்படி இல்லை. எனக்கு யானை ஏறி மிதித்த மாதிரி நெஞ்சின் நடுவில் வந்தது. இவள் சொல்வதைக் கேட்டால் பல் டாக்டரிடம்தான் கூட்டிப் போகத் தோன்றும். ஆனால் அந்த வேர்வை எனக்குத் தெரியும். உழைத்து வருகிற வேர்வை அது இல்லை. நான் அதற்குள் கிடந்திருக்கிறேன்.

டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி கூப்பிட்டது. ஓடிப் போய் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"மையத்துல இருந்து நிவாஷினி பேசறேன். மாசாணம் அண்ணாகூட இருக்கறது யாரு?"

"நான்..." என்று நிறுத்தினேன்.

பின்னாலிருந்து செல்லக்கிளி தலையை ஆட்டினாள். "சொல்லிப்போடாதீங்கண்ணா. வேலை போயிரும். எனக்குக் கேஸுதான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நானும் யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பதினாலு மாதம், பென்ஷன், போலீஸ் கேஸ் எல்லாம் கண் முன்னால் ஓடின. ஆனால் வருகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். என் எடை, என் வயது, என் உடம்புக்கென்று மருந்தைக் கலந்துகொண்டு வந்து அதை இவளுக்கு ஏற்றினால் என்ன ஆகும்? அந்தப் பயம்தான் ஜெயித்தது.

"அம்மணீ, நான்தான் மாசாணம். எனக்கு ஒண்ணுமில்லீங்க. பொட்டு எங்க கண்டக்டர் மேல இருக்குது. செல்லக்கிளின்னு பேரு. பொம்பளைங்க. நாப்பத்திரெண்டு வயசு. அவங்களுக்குத்தான் மாரடைப்பு, தாடை வலிக்குது, குமட்டுதுங்கறாங்க. என்னை என்ன வேணாப் பண்ணிக்குங்க, சீக்கிரம் வாங்க."

நிவாஷினி படபடவென்று பேசினாள். "அவங்களை நடக்க விடாதீங்க. சாய்ஞ்சு உக்கார வைங்க, துணியைத் தளர்த்துங்க. வயித்துப் புண்ணு, ரத்தப்போக்கு, மாத்திரை ஒத்துக்காம போனதுண்டா, கேளுங்க. இல்லைன்னா ஆஸ்பிரின் கெடைக்குமா பாருங்க."

அப்படி ஒன்றும் இல்லை என்று செல்லக்கிளி தலையாட்டினாள். ஆஸ்பிரின் என் டிபன் டப்பாவின் அடித்தட்டில் இருந்தது, வெற்றிலைப் பொட்டலம் மாதிரி மடித்து. தினமும் ஒன்று தின்கிற சின்ன மாத்திரைகள்.

"நாலு குடுங்க. முழுங்கக் கூடாது, மென்னு தின்னணும்."

"நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரையும் வெச்சிருக்கறேனுங்க."

"அது வேண்டாம். பிரஷர் பாக்காம அதைக் குடுக்காதீங்க. இருங்க, பதிவுல பேரை மாத்திடறேன்."

செல்லக்கிளி மாத்திரையை மென்றாள். கசப்பில் முகத்தைச் சுளித்தாள். வாத்தியார் இப்போது அவளுக்குப் பின்னால் முழங்காலிட்டு, அவள் சாய்ந்துகொள்ளத் தோளைக் கொடுத்திருந்தார். கீழே ஆழியாறு அணையின் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. அதற்கு மேலே ஒரு கரும்புள்ளி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எட்டு விசிறி வைத்த ஆம்புலன்ஸ், தும்பி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு உயிர் வந்தது.

அப்போது சிவப்பு விளக்கு அணைந்தது. பச்சை எரிந்தது.

"ஆபத்து இல்லை" என்றது வண்டியின் குரல். "அணிந்திருப்பவர் பெண், வயது நாற்பத்திரண்டு. காரணம், மனப்பதற்றம் அல்லது செரிமானக் கோளாறு. தண்ணீரும் ஓய்வும் போதும். மீட்பு ஊர்தி திரும்ப அழைக்கப்பட்டது."

தண்ணீருக்கு மேலே அந்தப் புள்ளி ஒரு நொடி நின்றது. பிறகு வட்டமடித்து வந்த வழியே திரும்பியது. முப்பது வருஷம் மலையில் ஓட்டியிருக்கிறேன். பிரேக் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன், ஒற்றை யானை முட்ட வந்திருக்கிறது. அப்படியெல்லாம் பயந்தவன் இல்லை நான். அன்றைக்குப் பயந்தேன்.

"என்ன பண்ணுனீங்க? என்னங்க பண்ணுனீங்க?" என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன்.

நிவாஷினியும் பதறினாள். "பேரைத்தாண்ணா மாத்தினேன். மார்க் எண்பத்தெட்டுல இருந்து முப்பத்தொண்ணுக்கு வந்துருச்சு."

"அதே நெஞ்சுதானே? அதே துடிப்புதானே?"

"அதே துடிப்புதான். ஆனா யாரோட துடிப்பு, என்ன வலின்னு நான் பதியறதையும் அது பாக்கும். ஐம்பத்தேழு வயசு ஆம்பளை, பீடி குடிக்கறவர்னா எண்பத்தெட்டு. நாப்பத்திரண்டு வயசுப் பொம்பளை, தாடை வலி, குமட்டல்னா முப்பத்தொண்ணு. அது படிச்ச பழைய பதிவுகள்ல இப்படி வந்தவங்களுக்கு எல்லாம் பதற்றம், கேஸுன்னுதான் எழுதி வெச்சிருக்காங்க."

"நீங்க மனுசிதானே அம்மணீ. நீங்க அனுப்புங்க!"

"ஆம்புலன்ஸ் என் கையில இல்லண்ணா. எழுபது வந்தா அதுவே கெளம்பும். வரலைன்னா நான் இங்க அழுதாலும் கெளம்பாது."

"வேற கார்ல போட்டுக்கிட்டு எறங்குனா?"

"ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரி வாசல்லயும் இதே மார்க்கைத்தான் பாப்பாங்க."

செல்லக்கிளி குனிந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது கண் சொருகியது. வாத்தியார் அவள் கன்னத்தைத் தட்டி, "இந்தாம்மா, என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று மன்றாடினார். என் வாழ்க்கையில் பிழைப்புக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரே ஒரு உண்மை சொன்னேன், அது அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

வயர்லெஸ்ஸில் நிவாஷினி செருமினாள். குரல் மாறியிருந்தது, அதுவரை இருந்த அண்ணா காணாமல் போயிருந்தது.

"ஐயா, இந்த உரையாடல் பதிவாகுது. நீங்க வலியில பேர் மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நினைக்கிறேன். பொட்டு யார் மேல இருக்குன்னு இன்னொரு தடவை தெளிவாச் சொல்லுங்க. அந்த அம்மா உங்களைப் பாத்து மயங்கினவங்கதானே?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு நாக்கு தானாக ஓடியது.

"ஆமாங்க! ஒளறிப்போட்டேனுங்க. பொட்டு எம்மேலதான் இருக்குது. எனக்குத்தான் மாரடைப்பு."

"வலி எப்படி இருக்குங்கய்யா?"

"நெஞ்சு நடுவால யானை மிதிக்கறாப்புல. இடது கைக்கு எறங்குது. பீடி குடிச்சுப் பழக்கம். எங்கப்பனும் இதுலதான் செத்தாரு." எங்கப்பா எண்பத்தாறு வயதில் தூக்கத்தில் போனவர். அவரை அங்கேயே கொன்றேன்.

சிவப்பு எரிந்தது. "ஓட்டுநர் மாசாணம் அவர்களுக்கு மாரடைப்பு ஏற்பட்டுள்ளது."

"தொண்ணூத்தி மூணு" என்றாள் நிவாஷினி. அவள் அழுகிறாள் என்று எனக்குக் கேட்டது.

தும்பி வளைவுக்கு மேலே இருந்த காலி இடத்தில் இறங்கியபோது பயணிகள் யாரும் வாய் திறக்கவில்லை. நாற்பது பேருக்கும் விஷயம் தெரியும். ஒரு குழந்தை மட்டும் எதையோ கேட்க, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். உதவியாளர் ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு குதித்தார். ஆரோக்கியதாஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. கையில் இருந்த திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாசாணம் யாரு?"

நான் செல்லக்கிளியைக் காட்டினேன். "இவங்கதானுங்க."

அவர் திரையைப் பார்த்தார். அவளுடைய வளையலை, மஞ்சள் கயிறு இல்லாத கழுத்தை, சாம்பல் பூத்த முகத்தைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறேழு துடிப்பு எண்ணுகிற நேரம்தான் இருக்கும்.

"செரி மாசாணம், படுத்துக்குங்க" என்று அவளிடம் சொன்னார். "நான் பாத்துக்கறேன். ஒண்ணும் ஆகாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "கூட வர்றவங்க பேரு சொல்லணும். உங்க பேரு?"

"செல்லக்கிளி" என்றேன், முறுக்கு மீசையோடு.

அவர் அதையும் தட்டிக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து டெப்போவே ஒரு மாதம் சிரித்திருக்கும். அன்றைக்கு எனக்கு அழுகைதான் முட்டியது. மேலே எழும்பியதும் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன், ஐஸ்கட்டியாக இருந்தன. வழியில் ஒருமுறை அவள் இதயம் தறிகெட்டு ஓடியது. ஆரோக்கியதாஸ் என்னைத் தள்ளிவிட்டு, அவள் நெஞ்சில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் கொடுத்தார். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. "வாங்க மாசாணம், வாங்க, வாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட, அவள் திரும்பி வந்தாள்.

பொள்ளாச்சியில் அவளை நேராக உள்ளே கொண்டு போனார்கள். எந்தக் கதவும் கேள்வி கேட்கவில்லை. தொண்ணூற்று மூன்று மார்க் என்றால் அவ்வளவு மரியாதை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் ஷம்ஷாத் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும், தூங்கிப் பல நாள் ஆன முகம். என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"முக்கியமான குழாய் முழுசா அடைச்சிருந்தது. தெறந்தாச்சு. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பாக்கறவனுங்க."

"மாசாணம்ங்கறது நீங்கதானே?"

நான் தலை குனிந்தேன்.

"பயப்படாதீங்க. இந்த மாசத்துல இது ஏழாவது. போன வாரம் ஒரு அம்மா தம்பி பேர்ல வந்தாங்க. இன்னொருத்தவங்க மூணு வருசம் முந்திச் செத்துப்போன வீட்டுக்காரர் பேர்ல. அவரோட அடையாள அட்டை இன்னும் உயிரோட இருந்துச்சு, அதனால பொழைச்சாங்க."

"அப்ப உங்களுக்கெல்லாம் தெரியுமுங்களா? தெரிஞ்சுமா அந்த மெஷினைத் திருத்தாம வெச்சிருக்கறீங்க?"

எனக்குக் கோபம். பயந்தவனுக்கு வருகிற கோபம் அது. அவர் அதைப் பொறுத்துக்கொண்டார்.

"அது வருசா வருசம் நாங்க அனுப்பற பதிவைப் படிச்சுத்தான் தன்னைத் திருத்திக்குது. எங்க பதிவுல யாருக்கு மாரடைப்பு? உங்களுக்கு. ஒரு தம்பிக்கு. செத்துப்போன ஒருத்தருக்கு. எல்லாரும் ஆம்பளைங்க. செல்லக்கிளின்னு ஒருத்தவங்களுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சுன்னு அதைக் கேட்டா, பதற்றம், தண்ணி குடிச்சுச் செரியாப் போச்சுன்னு சொல்லும். பொம்பளைங்களுக்குப் போன வருசம் இதைவிட நாலு மார்க் கூடப் போட்டுச்சு. அடுத்த வருசம் இன்னும் கொறைக்கும்."

என் மனைவியை நினைத்துக்கொண்டேன். திருப்பூரில் இருக்கிற என் மகளை நினைத்துக்கொண்டேன்.

"இந்த மாதிரி பேர் குடுக்கறதுக்கு ஆள் இல்லாத பொம்பளைங்க?" என்று கேட்டேன். "அவங்க வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"அவங்க இங்க வர்றதில்லீங்க" என்றார் டாக்டர்.

அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். நோயாளி மாசாணம், ஆண், வயது ஐம்பத்தேழு. மேலே உள்ள விவரங்கள் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அதன் கீழே ஒரு கோடு.

"மாத்தணும்னா இப்பவே மாத்தலாம்" என்றார். "நானா உங்களைத் தடுக்க மாட்டேன். சொல்லப்போனா யாராவது ஒருத்தர் மாத்துவாங்களான்னு ஏழு தடவை பாத்துட்டேன்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்றினால் நான் ஜெயிலுக்குப் போவேன், அது எப்படியோ போகட்டும். செல்லக்கிளிக்கு வேலை போகும், கேஸ் வரும். நிவாஷினி சொன்னது பதிவில் இருக்கிறது, அவளைத் துருவியெடுப்பார்கள். ஆரோக்கியதாஸைக் கேட்பார்கள், மாசாணத்துக்கு வளையல் ஏது என்று. மாற்றாவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. மலையில் எங்கேயோ தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற, எனக்கு முகம் தெரியாத ஒருத்திக்கு மட்டும் ஒரு மார்க் குறையும்.

நான் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் தாளை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் அவளைப் பார்க்க விட்டார்கள். கட்டில் தலைமாட்டில் என் பெயர் எழுதித் தொங்கியது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள். படுக்கச் சொன்னேன்.

"ண்ணா" என்றாள், காற்று மாதிரி. "எம்பேரச் சொல்லிப்போட்டீங்களா?"

"இல்ல அம்மிணி. சொல்லல."

"நல்லதாப் போச்சுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.